உயிரோடு இருப்பவளுக்கு ஓர் அட்டியல்

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் இறந்துபோன ஆண்கள் எல்லோரும் ஒரே கோட்டைத்தான் போட்டிருக்கிறார்கள். கருநீலக் கோட்டு. இடது பக்கக் காலர் மடிப்பு வலது பக்கத்தைவிட ஒரு விரல் அகலம். லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், எதற்குள் நுழைந்தாலும், சாமிப் படத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் மாலைக்குள்ளே அந்தக் கோட்டு தொங்கும். உயிரோடிருந்த காலத்தில் ஒருவர் தேயிலையைக் கவ்வாத்து வெட்டினார், ஒருவர் புல்லுக்கு மருந்தடித்தார், ஒருவர் ஃபெக்டரியில் கொழுந்து வாட்டினார். செத்த பிறகு எல்லோரும் வங்கி மனேஜர்கள். அந்தக் கோட்டைப் போட்டுவிட்டவன் நான். துணி இல்லை, நூல் இல்லை, இரண்டாம் நம்பர் பிரஷ் ஒன்றுதான்.

பத்தொன்பது வயதில் ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருந்த ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். தோட்டத்தில் ஒருவர் இறந்தால், வீட்டில் அவருடைய படம் என்று இருப்பது அடையாள அட்டையில் ஒட்டிய ஒரு அங்குலப் படம் மட்டும்தான். அதைக் கொண்டுவருவார்கள். முதலாளி அதைப் பெரிதாக்கித் தருவார். கழுத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் என் பொறுப்பு. ஆண் என்றால் பழைய சட்டையை மூடி ஒரு கோட்டு, ஒரு டை. பெண் என்றால் பட்டுப் புடவை, கழுத்தில் ஒரு அட்டியல்.

கோட்டுக்கு மாதிரி, முதலாளியின் கல்யாணப் படம். முதல் கோட்டை வரைந்தபோது இடது மடிப்பு பெரிதாகப் போய்விட்டது. முதலாளி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, "பரவாயில்ல, செத்த மனுசன் வந்து கேக்கப் போறாரா?" என்றார். அவர் அப்படிச் சொன்னதும் நான் அந்தத் தப்பையே மனப்பாடம் செய்துவிட்டேன். எட்டு வருடம். அத்தனை பேரும் கோணல் மடிப்போடுதான் மேலே போனார்கள்.

அட்டியலுக்கு மாதிரி, சுவரில் தொங்கிய காலண்டர் லட்சுமி. சிவப்புக் கல் ஐந்து, நடுவில் தொங்கும் மாங்காய் ஒன்று, ஓரமெல்லாம் முத்து. முதலில் காவி, அதன்மேல் மஞ்சள், கடைசியில் வெள்ளையில் பொட்டுப் பொட்டாக மினுக்கம். இருபது நிமிடத்தில் ஒரு அட்டியல். இலங்கையில் அவ்வளவு வேகமாக நகை செய்த ஆசாரி வேறு யாரும் இருந்திருக்க முடியாது. என் அம்மா இறந்தபோது அம்மாவுக்கும் அதையேதான் போட்டேன். அம்மா உயிரோடிருந்தபோது கழுத்தில் மஞ்சள் கயிறும் கருகமணியும் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை.

பிறகு ஸ்டூடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அது ஒரே நிமிடத்தில் கோட்டுப் போட்டது, அதுவும் மடிப்பு கோணாமல். நான் கொழும்புக்குப் போய் ஓவியம் படித்தேன். நான்கு வருடம் கழித்து வெளியே வந்தபோது பெரிய பெரிய ஐரோப்பிய ஓவியர்களின் பெயர்கள் நாக்கு நுனியில் இருந்தன. அவர்கள் வரைந்த ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. எல்லாமே புத்தகத்தில், தபால் தலை அளவில். அதனால்தானோ என்னவோ, என் ஆரம்பகாலப் படங்களைத் தள்ளி நின்று பார்த்தால்தான் நன்றாக இருக்கும் என்பான் என்னோடு படித்தவன் ஒருவன். எவ்வளவு தள்ளி என்று கேட்டேன். "நீ மஸ்கெலியாவுல மாட்டு. நான் பொகவந்தலாவையில இருந்து பாக்குறேன்" என்றான்.

கொழும்பில் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம், கோட்டைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பது. கலை என்றால் உண்மை. கண்ணால் கண்டதை வரை. இல்லாததைப் போடாதே. இதை நான் மிகவும் நம்பினேன். கையில் எட்டு வருடப் பொய் இருக்கிறவனுக்கு உண்மையின் மேல் தனி மோகம் வரும்.

இப்போது மஸ்கெலியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். பஸாரில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்து மனிதர்களின் முகங்களை வரைகிறேன். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, திரீவீலரில் பாண் ரொட்டி விற்கிறவர், ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குபவர், ஃபெக்டரியில் இரவு முறை முடித்துக் கண் சிவந்து வருகிறவர். தன்னடக்கம் எனக்கு ஒத்துவராது என்பதால் சொல்லிவிடுகிறேன்: முகங்களை நான் நன்றாக வரைவேன். ஒரு அங்குல அடையாள அட்டைப் படத்துக்குள் ஒளிந்திருந்த ஆளை எட்டு வருடம் தேடித் தேடிப் பிடித்தவன் நான். கண்மணிக்குள் எந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தால் ஆள் எழுந்து உட்காருவார் என்று எனக்குத் தெரியும்.

கொழும்பில் ஒரு கலை அருங்காட்சியகம் என் படங்களை வைக்க ஒத்துக்கொண்டது. கண்காட்சிக்குப் பொறுப்பான பெண் யாழ்ப்பாணத்துக்காரர். தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அண்ணா, உங்கட பதினொரு படம் எடுத்திருக்கிறம். முன்சுவருக்குப் பெரிசா புதுசா ஒண்டு வேணும். கொழுந்து பறிக்கிற ஒரு அம்மா. முதுகில கூடையோட. கதவைத் திறந்த உடன அவா நிக்கோணும். செய்வியளோ?"

"செய்வேன்" என்றேன். அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லியிருப்பேன்.

"மற்றது, உங்களைப் பாதிச்ச ஓவியர்கள் ஆரெண்டு அரைப் பக்கம் எழுதித் தாங்கோ. அதையும் சுவரில ஒட்டுவம்."

அரைப் பக்கத்தை அன்றைக்கே எழுதிவிட்டேன். ஒரு டச்சுக்காரர், ஒரு ஸ்பானியர், இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். படித்தால் எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் இவர்களோடு நான் ஒன்றாக ரொட்டி சுட்டது போல இருக்கும்.

கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு நான் எங்கும் தேட வேண்டியதில்லை. என் அக்கா பதினெட்டு வயதிலிருந்து அதைத்தான் செய்கிறாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள், அடுத்த வருடம் பென்சன். ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து கறிக்குப் போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒன்னயப் பெருசா ஒரு படம் வரையணும். கொழும்பு மியூசியத்துல வைக்கப் போறாங்க."

"மியூசியத்துலயா? அங்க செத்த யானையோட எலும்பெல்லாம் தானடா வச்சிருப்பாங்க?"

"இது வேற மியூசியம்க்கா. படம் மட்டும்தான்."

"சரி. நான் என்னா செய்யணும்?"

"சும்மா நின்னா போதும். கூடைய மாட்டிக்கிட்டு."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"காலையில பெரட்டுக் களத்துல வேலைக்குப் பேரு குடுத்தா, சாயந்தரம் வரைக்கும் அதத்தான் சுமக்குறேன். ஞாயித்துக்கெழமையும் ஒனக்காகச் சுமக்கணுமா? அதுவும் படத்துல மாட்டிட்டா அப்பறம் எறக்கவே முடியாதேடா தம்பி. நான் பென்சன் எடுத்து வீட்டுல காலை நீட்டி ஒக்காந்திருப்பேன். அவ அங்க கொழும்புல சுமந்துக்கிட்டே நிப்பா."

நான் நான்கு வருடம் படித்த கலையைப் போஞ்சிக் குவியலுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"அப்போ எப்பிடி வரையட்டும்?"

"நாற்காலியில ஒக்காந்திருப்பேன். திருவிழாவுக்கு எடுத்த அந்த மெரூன் புடவை. கழுத்துல அட்டியல்."

"அட்டியல் ஒனக்கு ஏதுக்கா?"

"அம்மாவுக்கு ஏது? போட்டியே."

"அது ஸ்டூடியோ வேலை. இப்ப நான் உண்மைய மட்டுந்தான் வரையறேன்."

"எனக்கு அட்டியல் மேல ஆசை. முப்பது வருசமா அது உண்மை." மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள். "செத்தவங்களுக்கெல்லாம் வாரி வாரிப் போட்ட. உசுரோட இருக்கிறவளுக்கு ஒண்ணு போட மாட்டியா?"

சரி என்று சொல்லிவிட்டு, கூடை இல்லாத படத்தைக் கொழும்புக்கு எப்படிச் சொல்வது என்பதை அடுத்த கிழமைக்கு ஒத்திப்போட்டேன். முகம் வரைவதைவிட ஒத்திப்போடுவதில் நான் கெட்டிக்காரன்.

ஐந்து ஞாயிறு அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். லயமே வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது. தண்ணீர்க் குடத்தோடு போன பெண்கள் எல்லாம் கருத்துச் சொன்னார்கள்.

"என்னா மதினி, தொரைச்சாணி கணக்கா ஒக்காந்திருக்கீங்க?"

"தொரைச்சாணிதான். போ, போய் எனக்கு ஒரு டீ கொண்டா."

"தம்பி, ஒங்க அக்காவுக்கு வாய மூடி வரைஞ்சிருங்க. அப்பவாச்சும் மூடியிருக்கட்டும்."

முகம் நன்றாக வந்தது. கைகளும் வந்தன. கொழுந்துக் கறை ஏறி ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் கறுத்துப்போன கைகள். அதை அப்படியே வரைந்தபோது அக்கா என்ன சொல்வாளோ என்று பயந்தேன். எட்டிப் பார்த்தாள். "கை இருக்கட்டும். அது என்னோடதுதான்" என்றாள்.

மிச்சம் அட்டியல். படத்தை மஸ்கெலியா அறைக்குக் கொண்டுவந்து, பள்ளிக்கூடம் விட்ட ஒரு பின்னேரம் உட்கார்ந்தேன். காவி, மஞ்சள், வெள்ளை. யோசிக்கவே இல்லை. இருபது வருடம் கழித்தும் கை தானாக ஓடியது. முடித்துவிட்டு மணி பார்த்தேன்: பதினெட்டு நிமிடம். என் பழைய வேகத்தை நானே முறியடித்திருந்தேன். சீட்டியடித்துக்கொண்டே பிரஷைக் கழுவினேன்.

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தன்று அக்கா பஸ் ஏறிப் படத்தைப் பார்க்க வந்தாள். கதவுக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் அவளை உட்காரவைத்து, மேலே போட்டிருந்த துணியை ஒரு இழுப்பில் எடுத்தேன். இந்த மாதிரி நாடகமெல்லாம் எனக்குப் பிடிக்கும்.

அக்கா கதிரையிலிருந்தே கழுத்தை நீட்டிப் படத்தைப் பார்த்தாள். மெய்மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"ஏன்டா," என்றாள் கடைசியில், "என்னய சாகடிச்சிட்டியா?"

"என்னாக்கா சொல்ற?"

"இது அம்மாவோட அட்டியல். மேல் லயத்துப் பெரியம்மா போட்டிருக்கிறது. கங்காணி சம்சாரம் போட்டிருக்கிறது. அஞ்சு கல்லு, ஒரு மாங்கா. நம்ம டிவிஷன்ல செவுத்துல தொங்குற அத்தன பொம்பளைங்க கழுத்துலயும் இதுதான் கெடக்கு. நம்ம ஆளு எவனாச்சும் இதப் பாத்தா மொதல்ல என்னா கேப்பான்?"

"யாரு வரைஞ்சான்னு கேப்பான்."

"எப்ப எடுக்குறாங்கன்னு கேப்பான்டா!"

கொஞ்சம் மிகைப்படுத்துகிறாள் என்றுதான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து, எனக்கு அறையை வாடகைக்குத் தந்திருந்த வீட்டுக்காரம்மா டீயோடு மேலே ஏறி வந்தார். அவரும் எங்கள் தோட்டத்தில் பிறந்தவர்தான். கதவைத் தாண்டி உள்ளே வந்தவருக்கு, கதவுக்குப் பின்னால் கதிரையில் இருந்த அக்கா தெரியவில்லை. எதிரே இருந்த படம்தான் தெரிந்தது.

"ஐயோ! நம்ம அக்காவா? எப்ப? ஒரு வார்த்தை சொல்லலையே தம்பி! போன கிழமதானே சந்தையில பாத்தேன், நல்லாத்தானே இருந்தாங்க!"

"இப்பவும் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் அக்கா பின்னாலிருந்து.

இரண்டு டீயும் என் கால்மேல் வந்து விழுந்தன. வீட்டுக்காரம்மாவைத் தண்ணீர் தெளித்து உட்காரவைத்தோம். அவர் அக்காவின் கையை இரண்டு மூன்று முறை கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினார்.

அக்கா சிரிக்கவில்லை. "கேட்டியா?" என்றாள். "இத அங்க மாட்டாத. எனக்கு ஒண்ணும் ஆகாது, அது எனக்குத் தெரியும். ஆனா மொத தடவையா கழுத்துல ஒண்ணு போடறேன். அது செத்தவங்க சாமானா இருக்கக் கூடாது. யாரும் போடாத ஒண்ணு போடு. இல்லாட்டி என் படமே வேணாம். கூடையோட வேற யாரையாச்சும் வரைஞ்சுக்க."

படங்களை ஏற்ற அருங்காட்சியகத்து வான் வண்டி வருவதற்குச் சரியாகப் பதின்மூன்று நாள் இருந்தது. அக்கா விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை. வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் வேண்டாம்தான். பெண் பார்க்க வந்தவர்களையே அப்படி இரண்டு முறை திருப்பி அனுப்பியவள். மூன்றாவதாக வந்த அத்தான் இன்றைக்கும் அவளிடம் உரக்கப் பேச மாட்டார்.

அன்றைக்கே அந்த அட்டியலைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன். பிறகுதான் விஷயம் புரிந்தது. எனக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு அட்டியல்தான் தெரியும். மற்றவற்றைப் பார்த்திருக்கிறேன், ஆனால் கவனித்ததில்லை. உண்மையை மட்டுமே வரைகிறவன் என்று மார்தட்டியவனுக்கு ஒரு நகை எப்படிக் கழுத்தில் படுக்கும் என்று தெரியவில்லை. கற்பனையில் மூன்று வரைந்து பார்த்தேன். முதலாவது பிரஷர் குக்கர் வளையம் மாதிரி வந்தது. இரண்டாவது சைக்கிள் செயின். மூன்றாவதை என்னிடம் படிக்கும் ஒரு மாணவி பார்த்துவிட்டு, "சேர், இது யாரு வீட்டு நாய்?" என்று கேட்டாள். முகத்தைத் துணியால் மூடியிருந்தேன், அவள் பார்த்தது கழுத்துப்பட்டையை மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு அக்காவைக் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன். பஸாரில் பெரிய நகைக்கடை. வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நான் நின்றுவிட்டேன். அக்கா மெரூன் புடவையில், பிறந்ததிலிருந்து அந்தக் கடைக்கே வந்துபோகிறவள் மாதிரி நடந்தாள். டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்கம்மா. எத்தன பவுன்ல பாக்கலாம்?"

"மொதல்ல டிசைன் புடிக்கட்டும். பவுனு அப்பறம் பேசலாம்" என்றாள் அக்கா. "அந்த அட்டியல எடுங்க. அது இல்ல, அதுக்கு அடுத்தது."

ஒன்றன்பின் ஒன்றாக ஏழு. ஒவ்வொன்றையும் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். நான் பக்கத்தில் சின்ன நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கிறுக்கினேன். விற்பனையாளர் கழுத்தை நீட்டினார்.

"ஐயா என்னமோ எழுதுறாரே?"

"அவன் அப்பிடித்தான். எதப் பாத்தாலும் எழுதுவான். என் தம்பிதான். ஒண்ணும் செய்ய மாட்டான்."

"கல்லு சிவப்பு இருந்தா காட்டுங்க" என்று நான் வாயைத் திறந்தேன். பழக்க தோஷம்.

அக்கா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். "சிவப்பு வேணாம். பச்சை காட்டுங்க."

எட்டாவது அவளுடையது. மெல்லிய ஒற்றைச் சரம், நடுவில் சின்னத் தாமரை, அதில் ஒரு பச்சைக் கல். மாங்காய் எங்கும் இல்லை. அக்கா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடி அவளுக்கு, நான் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். அவளுடைய தாடை ஒரு அங்குலம் மேலே ஏறியது. தோள்கள் பின்னால் போயின. முப்பத்தைந்து வருடம், தலையில் மாட்டிய கூடைக் கயிறு குனிய வைத்திருந்த கழுத்து அது. அது இப்படியும் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. வாசலில் ஐந்து ஞாயிறு அவளை வரைந்திருந்தேன். அத்தனையும் குனிந்த கழுத்தின் மேல் இருந்த முகம். என் எட்டு வருட ஸ்டூடியோவும் நாலு வருடக் கொழும்பும் கண்டுபிடிக்காததை ஒரு கடைக் கண்ணாடி கண்டுபிடித்தது.

பென்சில் உடைந்துவிட்டது. இன்னொன்றை எடுத்தேன்.

"பில் போட்றவாம்மா?"

அக்கா இன்னும் கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு தானே கொக்கியைக் கழற்றி, மெத்தைத் தட்டில் மெதுவாக வைத்தாள். "நல்லாத்தான் இருக்கு. யோசிச்சிட்டு வர்றோங்க. ரொம்பக் கஷ்டம் குடுத்துட்டோம்." விற்பனையாளர் நல்ல மனிதர். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பரவால்லம்மா, எப்ப வேணும்னாலும் வாங்க" என்று வாசல் வரை வந்தார். கண்காட்சி அழைப்பிதழில் ஒன்றை அந்தக் கடைக்குத்தான் அனுப்பினேன்.

வெளியே வந்து நாலு கடை தாண்டியதும் அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"பூரா வரைஞ்சிட்டியா?"

"வரைஞ்சிட்டேன்க்கா."

"பின்பக்கம் கொக்கி?"

"பின்பக்கம் படத்துல தெரியாதேக்கா."

"தெரியாட்டியும் இருக்கணும்டா. இல்லாட்டி எப்பிடிக் கழுத்துல நிக்கும்? விழுந்துறாது?"

தலையையே திரும்பவும் வரைய வேண்டியிருந்தது. தாடையை ஏற்றினால் கண் மாறும், கண் மாறினால் நெற்றி மாறும். பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் என்று சொன்னேன். என் முகம் இருந்த கோலத்தில் அதிபர் நம்பிவிட்டார். அட்டியல் மட்டும் நான்கு நாள் எடுத்தது. இருபது நிமிட ஆசாரி, அந்தச் சின்னத் தாமரைக்கே ஒரு நாள் உட்கார்ந்தான். முடிந்ததும் அக்காவை வரச்சொன்னேன். பார்த்தாள். "இவ வேற ஆளு" என்றாள். கொஞ்சம் கழித்து, "நல்லாருக்கா" என்றாள்.

படத்தை ஃபோனில் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினேன். பொறுப்பாளர் உடனே கூப்பிட்டார்.

"அண்ணா, ஆள் நல்ல வடிவா இருக்கிறா. ஆனா கூடை எங்க?"

"கூடைய எறக்கி வச்சிட்டாங்க."

"அட்டியல் போட்டிருக்கிறா. உண்மையா இவா அதைப் போடுறவவோ?"

"இல்ல."

"பாக்கிற சனத்துக்கு விளங்கோணுமெல்லோ அண்ணா, இவா தோட்டத்தில வேலை செய்யிறவா எண்டு? முன்சுவருக்கு வேற படம் போடுவம். இதைப் பின் அறையில வைப்பம், என்ன?"

பின் அறை என்றால் கழிப்பறைக்குப் போகிற வழி. எனக்குத் தெரியும், நான் முன்பே ஒருமுறை அங்கே தொங்கியிருக்கிறேன். இரண்டு நாள் டைம் கேட்டேன். ஃபோனை வைத்துவிட்டு, முன்பு எழுதிய அரைப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். டச்சுக்காரரும் ஸ்பானியரும் எனக்காக வாதாட வர மாட்டார்கள் என்று தெளிவாகத் தெரிந்தது. கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். கோணல் மடிப்புக் கோட்டைப் பற்றி, காலண்டர் லட்சுமியைப் பற்றி, அம்மாவின் ஐந்து சிவப்புக் கல்லைப் பற்றி. எங்கள் ஊரில் ஒருவர் பெரிய படமாகச் சுவரில் ஏறவும் நல்ல நகை போடவும் முதலில் சாக வேண்டியிருந்தது என்று எழுதினேன். நான் செய்த வேலையெல்லாம் அதுதான், ஒரே ஒருத்திக்கு மட்டும் அதை முன்கூட்டியே செய்து பார்த்திருக்கிறேன் என்று எழுதினேன். முதுகில் கூடை இல்லாதது யாருக்காவது குறையாகத் தெரிந்தால், கைவிரல்களைப் பார்க்கட்டும் என்று முடித்தேன். என் வாழ்க்கையில் நான் பெருமைக்காக எழுதாத அரைப் பக்கம் அது ஒன்றுதான். ஆகவே அதைப் பற்றிப் பெருமைப்படுகிறேன்.

அன்றிரவே அதைக் கொழும்புக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் ஃபோன்.

"அண்ணா, எங்கட பெரியப்பாவுக்கும் இப்பிடி ஒரு கோட்டு இருக்கு. வீட்டில, விறாந்தையில. அவர் உயிரோட இருக்கேக்க கோட்டே போட்டதில்லையாம், நேற்று அம்மாட்டக் கேட்டனான். அதையும் நீங்களோ கீறினது?"

"எடது மடிப்பு அகலமா?"

"இல்லை, ரெண்டும் ஒரே அளவு."

"அப்போ நான் இல்ல. நல்லா வரையத் தெரிஞ்ச யாரோ."

அவர் சிரித்தார். பிறகு சொன்னார்: "அக்கா முன்சுவரிலயே இருக்கட்டும்."

கண்காட்சி திறந்து இரண்டாவது சனிக்கிழமை அக்கா வந்தாள். விடியற்காலை பஸ், மெரூன் புடவை, கையில் ரொட்டியும் சம்பலும் கட்டிய பொட்டலம். வாசலில் காவலாளி பொட்டலத்தைக் காட்டி உள்ளே சாப்பிடக் கூடாது என்று சிங்களத்தில் சொன்னார். பசி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அக்காவும் சிங்களத்தில் சொன்னாள்.

கதவைத் திறந்ததும் அவளே அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். ஆறடி உயரம். அக்கா நின்றாள். அங்கே படம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, கொழும்புக்காரர், நல்ல வசதியான ஆள், படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"இது நீங்களா?"

"ஆமாங்க."

"எவ்வளவு அழகான அட்டியல்! இந்த டிசைன் இப்ப கிடைக்கவே கிடைக்காதே. இன்னைக்குப் போட்டுட்டு வரலையா?"

அக்காவின் கை கழுத்துக்குப் போனது. அங்கே மஞ்சள் கயிறு மட்டும். சுவரில் என் அரைப் பக்கம் பக்கத்திலேயே ஒட்டியிருந்தது; அந்த அம்மா அதை இன்னும் படிக்கவில்லை. இவ்வளவு செய்தும், இந்த ஒரு கேள்வி அவளைக் குனிய வைத்துவிடுமோ என்று பயந்தேன்.

அக்காவின் தாடை ஒரு அங்குலம் மேலே ஏறியது.

"ஹட்டன்ல இருந்து பஸ்ல வந்தேங்க. அதப் போட்டுக்கிட்டு பஸ்ல வர முடியுமா?"

"அதுவும் சரிதான்" என்று அந்த அம்மா தன் கழுத்துச் சங்கிலியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இந்தக் காலத்துல யாரை நம்புறது?"

அவர் நகர்ந்ததும் அக்கா என் பக்கம் சாய்ந்தாள்.

"கொக்கி போட்டியாடா?"

"போட்டேன்க்கா." பொய் இல்லை. கான்வஸின் பின்பக்கம், கழுத்து வருகிற இடத்தில், ஒரு சின்னக் கொக்கி வரைந்திருக்கிறேன், நிழலோடு. படத்தை மாட்டிய ஆட்கள் அதைக் கறை என்று நினைத்துத் துடைக்கப் பார்த்தார்கள், ஓடிப்போய்த் தடுத்தேன்.

"அப்ப சரி. விழாது" என்றாள் அக்கா. படத்திலிருக்கும் தனக்கு நேர் எதிரே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, ரொட்டிப் பொட்டலத்தை அவிழ்த்தாள். காவலாளி தூரத்திலிருந்து எங்களை நோக்கி வரத் தொடங்கினார்.